ஜெட் ஸ்கீ இக்னிஷன் காயில்: மாற்றும் முன் சோதிக்க வேண்டியவை, மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

குளிர்ந்த எஞ்சின் பட்டனைத் தொட்டவுடன் கிளம்புகிறது. மெதுவாகப் போகும்வரை குறையே தெரிவதில்லை. சிறிது நேரம் ஓடிச் சூடான பிறகு த்ராட்டிலை முழுதாகப் பிடித்தால் ஆர்பிஎம் ஏற மறுக்கிறது, வண்டி விக்கி விக்கிப் போகிறது. விட்டுப் பிடித்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது. ஜெட் ஸ்கீயில் இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி வரத் தேவையான உயர் வோல்ட்டை உண்டாக்கும் கம்பிச்சுருள்) பலவீனமாகிவருவதன் வழக்கமான அறிகுறி இது. அரிப்பெடுத்த பிளக் கேப்பும் (வயர் முனையில் பிளக் மேல் செருகும் மூடி) இதே அறிகுறியைத் தரும். கார்பரேட்டரில் பாதி அடைபட்ட மெயின் ஜெட்டும் (பெட்ரோல் வரும் துளை) தரும், ஈரம் புகுந்த ஸ்டாப் சுவிட்ச் கனெக்டரும் தரும். காயில்தான் என்று முடிவுகட்டிப் புதியது வாங்கி மாட்டிய பிறகும் விக்கல் போகாத வண்டிகள் ஏராளம். ஆகவே இந்தப் பதிவில் மாட்டும் வேலையைவிடச் சோதிக்கும் வேலைக்கே அதிக இடம்.

எடுத்துக்கொண்டிருப்பது பழைய பாணி இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஒரு சிடிஐ யூனிட் (மின்சாரத்தைச் சேமித்துச் சரியான நேரத்தில் காயிலுக்கு விடும் பெட்டி), அதிலிருந்து ஒரே காயில், அந்தக் காயிலிலிருந்து இரண்டு பிளக் வயர். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் பிளக் மேலேயே உட்காரும் பென்சில் காயிலுக்குச் சில விதிகள் மாறும், அவை கடைசியில்.

சூடானால் மட்டும் ஏன் சொதப்புகிறது

சிடிஐ யூனிட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சில நூறு வோல்ட் வரை ஏறி, டிரிக்கர் வந்ததும் காயிலின் பிரைமரிக்குள் ஒரே மூச்சில் கொட்டுகிறது. பிரைமரியில் தடித்த கம்பி, குறைந்த சுற்றுகள். செகண்டரியில் தலைமுடிக் கனத்தில் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். பிளக்குக்குப் போகும் பல்லாயிரம் வோல்ட் அங்கேதான் பிறக்கிறது. இவ்வளவு வோல்ட்டையும் தடுத்து நிறுத்துவது சுற்றுகளுக்கு நடுவே ஊற்றிய எப்பாக்ஸி மட்டுமே.

உப்புத் தண்ணீரில் ஓடும் வண்டியில் முதலில் கெடுவது பெரும்பாலும் கம்பியல்ல, நடுவிலுள்ள இரும்புத் தகடுகள். காயிலைக் கழற்றி வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பாருங்கள். தகடுகளின் ஓரத்தில் துரு ஏடு ஏடாகக் கிளம்பியிருக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், தகட்டையொட்டிய எப்பாக்ஸியை உள்ளிருந்தே நெம்பும். அந்த விளிம்பில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடும். நகத்தால் வருடினால் கண்ணுக்குத் தெரியாததும் தட்டுப்படும். ஈரம் நுழையும் வாசல் அதுதான்.

சூடேறியதும் எப்பாக்ஸியும் செம்பும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. குளிரில் ஒட்டிக்கொண்டிருந்த முறிந்த கம்பி முனைகள் அப்போது பிரிகின்றன. அதோடு, த்ராட்டிலைத் திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் முனையிலுள்ள அதே 0.6 மி.மீ. இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். பிளக்கைத் தாண்டுவதைவிட விரிசல் வழியாகத் தகட்டுக்கு இறங்குவது சுலபமென்றால் மின்சாரம் அந்த வழியைப் பிடிக்கும். ஒருமுறை இறங்கிய இடத்தில் கரிக்கோடு விழும். ஒற்றையடிப் பாதை மாதிரி, அடுத்த தடவையிலிருந்து எல்லாம் அதன் மேலேயே நடக்கும்.

பிளக்கை வெளியே எடுத்து எஞ்சின் மேல் வைத்துச் சுற்றினால் நீலப்பொறி வருகிறது என்பதற்காகக் காயில் நல்லது என்று சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம். வெளிக்காற்றில் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டுவது சாகக் கிடக்கும் காயிலாலும் முடியும்.

கை வைக்கும் முன்

சீட்டைக் கழற்றி, ஹல்லை (வண்டியின் அடிக்கூடு) திறந்து, பத்து நிமிடமாவது காற்றாட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடியில் தேங்கும், மூக்குக்கு வராமலும் இருக்கும். அதே குழிக்குள்தான் தீப்பொறிச் சோதனை செய்யப்போகிறோம் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீரோடு பெட்ரோல் பளபளப்பு தெரிந்தால் அன்றைக்குத் தீப்பொறிச் சோதனை கிடையாது. கசிவைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

வயரைப் பிரிக்கும் எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். எஞ்சினைச் சுற்றிப் பார்க்கும்போது இரண்டு பிளக் வயர்களும் கட்டாயம் எர்த்தில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் அதற்கென்றே கேப் செருகும் கம்பங்கள் இருக்கும். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுற்றினால் வோல்ட் போக இடமில்லாமல் காயிலின் இன்சுலேஷனையே உடைத்துக்கொண்டு போகும். நல்ல காயில் சோதனையின்போதே சாவது இப்படித்தான்.

வெளியிலிருந்து உள்ளே

இரட்டை வயர் காயிலின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிச் சோதனை முடிந்துவிடும். இதில் செகண்டரியின் இரண்டு முனைகளும் இரண்டு பிளக்குகளுக்குப் போகின்றன. மின்சாரம் ஒரு வயரில் போய், முதல் பிளக்கைத் தாண்டி, சிலிண்டர் ஹெட் வழியாக நடந்து, இரண்டாவது பிளக்கைத் தாண்டித் திரும்பி வருகிறது. இரண்டும் ஒரே சங்கிலி. ஆகவே ஒரு பிளக்கில் நல்ல பொறி வந்து மற்றதில் வரவே இல்லையென்றால் காயில் உள்ளே அறுந்திருக்க வாய்ப்பில்லை; அறுந்திருந்தால் இரண்டுமே போயிருக்கும். பொறி வராத பக்கத்தில் மின்சாரம் தாண்டாமலேயே எர்த்துக்கு ஒழுகுகிறது என்று அர்த்தம். எண்ணெயும் கரியும் படிந்த பிளக், ஓட்டை விழுந்த கேப், உரசித் தேய்ந்த வயர் என்று அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் செத்திருந்தால்தான் காயில், சிடிஐ, ஸ்டேட்டர் (எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் சுருள்), ஸ்டாப் சுவிட்ச் நான்கும் பட்டியலுக்கு வரும்.

இந்த அமைப்பில் இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி போவதால் வயர்களைக் குறுக்கே மாற்றி மாட்டியும் ஓட்டலாம். விக்கல் மற்ற சிலிண்டருக்குப் போனால் குறை வயரோடு சேர்ந்தது. போகவில்லையென்றால் பிளக், கார்பரேட்டர், கம்ப்ரஷன் பக்கம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சினில் மட்டும் பிளக் வயரை இப்படி மாற்றக் கூடாது.

முதலில் பிளக். புதிய ஜோடி ஒன்றைப் போட்டுவிடுங்கள், பழையதைத் தேய்த்துச் சுத்தம் செய்து சந்தேகத்தை வளர்க்க வேண்டாம். எந்த எண் பிளக், எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் எஞ்சின் மேனுவல் சொல்லும். இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலும் 0.5 முதல் 0.7 மி.மீ.க்குள் வரும். கையால் கடைசிவரை திருகிய பிறகு புதிய வாஷருக்கு அரைச் சுற்று போதும்.

அடுத்தது கேப். இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள், குறையோ பெரும்பாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கேப்பை இழுக்காமல் எதிர்க்கடிகாரமாகத் திருகுங்கள். உள்ளே மரத்திருகாணி மாதிரியான முனை ஒன்று வயரின் செம்பு நாருக்குள் ஏறியிருக்கும். கழன்றதும் வயரின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். செம்பு செம்பாக மினுங்க வேண்டும். பச்சைப் பொடி படிந்து, நார்கள் கறுத்து, திருகாணி ஏறிய துளை மட்டும் குழியாக நின்றால் தொடர்பு போய்விட்டது. கூரான கத்தியால் 6 மி.மீ. நேராக வெட்டியெடுங்கள். அப்போதும் கறுப்பாகவே இருந்தால் இன்னொரு 6 மி.மீ. வெட்டுங்கள். அதற்குப் பிறகும் மினுக்கம் வராவிட்டால் ஈரம் வயர் முழுக்க ஏறியிருக்கிறது. வயரைக் காயிலோடு சேர்த்து வார்த்த வகையென்றால் அதற்கு மேல் இழுத்தடிக்காமல் காயிலை மாற்றிவிடலாம்.

கழற்றிய கேப்பின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வையுங்கள். பரவலாகப் புழங்கும் கேப்களில் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். எவ்வளவு என்று உடம்பிலேயே அச்சிட்டிருப்பதும் உண்டு. 5-க்குப் பதில் 20, 30 காட்டினாலோ, விரலால் அசைக்கும்போது எண் குதித்தாலோ குப்பைக்கு. கேப்பின் விலையையும் காயிலின் விலையையும் ஒப்பிட்டால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மீட்டரில் காயில்

கேப்களைக் கழற்றிய நிலையில் இரண்டு வயர் முனைகளுக்கிடையே செகண்டரியை அளக்கவும். எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும், பொதுவாகச் சில கிலோ ஓம் வரும். கேப்போடு சேர்த்து அளந்தால் இரண்டு கேப்பின் அளவும் கூடும் என்பதை மறந்து பலர் குழம்புகிறார்கள்: செகண்டரி 4, கேப்கள் 5 மற்றும் 5 என்றால் மீட்டர் 14 காட்டும். மேனுவலில் கொடுத்த எண் கேப்போடா, இல்லாமலா என்று வரியைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே வயர் முனையிலிருந்து இரும்புத் தகட்டுக்கு அளந்தால் இந்த இரட்டை வயர் வகையில் மீட்டர் அசையக் கூடாது. ஏதாவது எண் காட்டினால் உள்ளே ஒழுகல்.

பிரைமரிதான் சிக்கல். சிடிஐ காயிலின் பிரைமரி 0.1 ஓம் அளவுக்குக்கூட இருக்கும். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு வயர்களே சேர்ந்து 0.2 முதல் 0.5 ஓம் காட்டும். இதை வைத்துக்கொண்டு 'பிரைமரி சரி' என்று சொல்வது வெறும் ஊகம். நம்பகமாக அளக்கக் குறுக்குவழி ஒன்று உண்டு. காயிலை வண்டியிலிருந்து வெளியே எடுத்து, சிடிஐயோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மேசையில் வையுங்கள். இரண்டு பிளக் வயர் முனைகளையும் செம்புக் கம்பியால் ஒன்றாகப் பிணையுங்கள்; இல்லாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கணத்தில் செகண்டரி உதைக்கும். பிறகு 12 வோல்ட் பேட்டரி, 21 வாட் பல்பு, காயில் பிரைமரி மூன்றையும் தொடராக இணையுங்கள். ஓட்டம் சுமார் 1.75 ஆம்பியர் வரும். துல்லியத்துக்கு 10 ஆம்பியர் ரேஞ்சில் அளந்துகொள்ளலாம். இப்போது மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, நேராகக் காயில் டெர்மினல் மேலேயே முனைகளை வைத்து அளக்கவும். 0.175 வோல்ட் வந்தால், 1.75-ஆல் வகுக்க 0.1 ஓம். இங்கே மீட்டர் வயரின் தடை கணக்கிலேயே வராது. சில வினாடிகளில் எடுத்துவிடுங்கள். காயிலைச் சூடாக்க வேண்டியதில்லை.

வெப்பநிலையையும் கணக்கில் எடுங்கள். மேனுவல் எண்கள் வழக்கமாக 20 டிகிரி செல்சியஸுக்குக் கொடுக்கப்படும். செம்பின் தடை டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும், அதனால் வெயிலில் 40 டிகிரிக்குச் சூடான காயில் 8 சதவீதம் அதிகம் காட்டுவது இயல்பு.

இதையே ஆயுதமாகவும் பயன்படுத்தலாம். காயிலை ஹேர் டிரையரால் பொறுமையாகச் சூடாக்கி, மீட்டரை மாட்டியபடியே எண்ணைக் கவனியுங்கள். 25 டிகிரியில் 4.0 கிலோ ஓம் காட்டிய செகண்டரி 65 டிகிரியில் 4.6-க்குச் சீராக ஏற வேண்டும். நடுவில் எண் துள்ளினாலோ, திடீரென்று முடிவிலிக்குப் போனாலோ தண்ணீரில் வந்த அதே விக்கலை மேசையிலேயே பிடித்துவிட்டீர்கள். குளிர்ந்ததும் எண் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வரும்.

ஓம் சோதனையில் தப்பிக்கும் காயிலும் உண்டு. சுற்றுகளுக்கிடையே உயர் வோல்ட்டில் மட்டும் உடையும் இன்சுலேஷனை மல்டிமீட்டரின் சில வோல்ட் காட்டிக்கொடுக்காது. அதற்கு இடைவெளியை மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் வேண்டும். பொறி வெளியே தெரியாமல் மூடிய வகையை வாங்குங்கள். மேனுவல் அளவு சொன்னால் அது. சொல்லாவிட்டால் 7 மி.மீ. வைத்து, குளிரிலும் சூட்டிலும் பொறி தவறாமல் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

பொறி அறவே இல்லையென்றால் காயிலைத் திட்டும் முன் ஸ்டாப் சுவிட்சையும் லேன்யார்டு சுவிட்சையும் (ஓட்டுநர் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சினை நிறுத்துவது) பிரித்துப் பாருங்கள். உப்பு ஏறிய சுவிட்ச் எஞ்சினை 'நிறுத்தி'யே வைத்திருக்கும். ஸ்டாப் வயரைப் பிரித்ததும் பொறி வந்தால் விடை கிடைத்தது. அந்த நிலையில் எஞ்சினை ஓட்டக் கூடாது, கிளம்பினால் நிறுத்த வழியிருக்காது. சிடிஐயின் வெளியீட்டை அளக்க நினைத்தால் சாதாரண மீட்டர் உதவாது. துடிப்பின் உச்ச வோல்ட்டைப் பிடிக்கும் அடாப்டர் தேவை.

என்ன வாங்குவது

காயிலின் உருவம் பொருந்தினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. கார், பைக் வகைக் காயில் பலவற்றில் பிரைமரி 3 ஓம் அளவில் இருக்கும். சிடிஐயில் மாட்டினால் பொறி பலவீனமாக வரும் அல்லது வராது. தலைகீழாக, பேட்டரி ஓட்டத்தை நிறுத்தி விடுத்து வேலை செய்யும் இன்டக்டிவ் சிஸ்டத்தில் 0.3 ஓம் சிடிஐ காயிலை மாட்டினால் 12-ஐ 0.3-ஆல் வகுங்கள், 40 ஆம்பியர். அந்த ஓட்டத்தை விட்டு நிறுத்தும் இக்னைட்டர் கருகும். பகுதி எண் பார்த்தே வாங்க வேண்டும்.

விரிசல் விட்ட பழைய காயிலுக்கு வெளியே எப்பாக்ஸி பூசிப் பிழைக்கவைக்கலாமா என்றால், கூடாது. உள்ளே போன ஈரமும் கரிக்கோடும் அப்படியே மூடப்பட்டு இருக்கும். ஒரு சீசன்கூடத் தாங்கும் என்று நம்ப முடியாது. செகண்டரியைத் திரும்பச் சுற்றுவதும் நடைமுறை வேலையல்ல. வயர், கேப், டெர்மினல் மூன்றும் ரிப்பேருக்கு உரியவை, காயில் மாற்றுவதற்கு உரியது.

கழற்றலும் மாட்டலும்

காயில் இருக்கும் எலக்ட்ரிக்கல் பாக்ஸை வெளியே எடுத்து மேசையில் வைத்துத் திறப்பது நல்லது. ஹல்லுக்குள்ளேயே குனிந்து திறந்தால் போல்ட் ஒன்று அடியில் விழுந்துவிடும். மூடியை எடுத்தவுடன் எதையும் துடைக்காதீர்கள். தண்ணீர்க்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது, வெள்ளை உப்பு எந்த ரப்பர் குழலையொட்டிப் படிந்திருக்கிறது என்று முதலில் படமெடுங்கள். காயில் ஏன் செத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. உப்பு மூடி ஓரத்தில் இருந்தால் கேஸ்கெட், வயர் வெளியேறும் இடத்தில் இருந்தால் அங்குள்ள ரப்பர் வளையமான குரோமெட், எங்கும் சீராக இருந்தால் உள்ளே ஈரம் வியர்த்திருக்கிறது. இந்தக் காரணத்தை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றினால் அடுத்த காயிலும் அதே வழியில்தான் போகும்.

பாக்ஸில் பதித்த பித்தளை நட்டுகள் பிளாஸ்டிக்கில் வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்பவை. துருப்பிடித்த போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருகினால் நட்டும் சேர்ந்து சுழலும். பெனிட்ரேட்டிங் ஆயில் விட்டு, இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்டி எடுங்கள். மாட்டும்போதும் எம்6 போல்ட்டுக்கு இரும்பில் வழக்கமான 10 நியூட்டன் மீட்டர் இங்கே அதிகம். மேனுவல் அளவோடு நிறுத்துங்கள். திரெட்லாக்கர் போடுவதானால் திருகில் ஒரு சொட்டு மட்டும். வழிந்து ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் பட்டால் அங்கே விரிசல் விடும்.

காயிலின் எர்த் உட்காரும் இடம் பெயிண்டோ துருவோ இல்லாத பளிச்சென்ற உலோகமாக இருக்க வேண்டும். எர்த் கெட்டிருந்தால் சிடிஐ கொட்டுவதில் ஒரு பகுதி அந்த எர்த்திலேயே வீணாகும். கனெக்டர் முனை பச்சையாக இருந்தால் வெட்டிவிட்டு, முலாம் பூசிய மரைன் முனையைக் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

புதிய வயர் முனைகளை நேராக வெட்டி, கேப்பின் வாயில் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, திருகாணி நடுநாரில் ஏறுகிறதா என்று பார்த்துக் கடிகாரத் திசையில் திருகுங்கள். ஓரத்தில் ஏறினால் முதல் சில சவாரி வரை ஓடிவிட்டுப் பிறகு விக்கத் தொடங்கும். மாட்டி முடித்ததும் இரு கேப்களின் உலோக முனைகளுக்கிடையே ஒருமுறை அளந்து எண்ணைப் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த சீசனில் ஒப்பிட அந்த ஒரு எண் போதும்.

பெட்ரோலிய கிரீஸை குரோமெட்டில் பூச வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். சீல் செய்ய சிலிகான் பேஸ்ட் எடுப்பவர்கள் முகர்ந்து பார்க்கவும்: வினிகர் நெடி அடித்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை, மூடிய பாக்ஸுக்குள் செம்பைத் தின்னும். நெடியில்லாத நியூட்ரல் வகையே எடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

கரையில் கிளப்பிப் பார்ப்பது வயரிங் சரியா என்பதற்கு மட்டுமே. தண்ணீர் இணைப்பில்லாமல் 15 வினாடிக்கு மேல் வேண்டாம். ஹோஸ் மாட்டினால் எஞ்சின் கிளம்பிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். வரிசை மாறினால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும்.

சுமையில்லாமல் காயிலுக்குப் பரீட்சை கிடையாது. தண்ணீரில் இறக்கி, எஞ்சின் முழுச்சூட்டுக்கு வரும்வரை ஓட்டி, பிறகு முழு த்ராட்டில். ஆர்பிஎம் தடங்கலில்லாமல் ஏறி நின்றால், எஞ்சினை நிறுத்திச் சூடோடு கால் மணி நேரம் விட்டு மறுபடி கிளப்பி, இன்னொருமுறை முழு த்ராட்டில். நின்ற பிறகு ஹல்லுக்குள் சூடு இன்னும் ஏறும், தளர்ந்த பாகம் பல்லைக் காட்டும் நேரம் அதுதான். கரைக்கு வந்ததும் இரண்டு பிளக்கையும் எடுத்து நிறம் ஒப்பிடுங்கள்.

பென்சில் காயில் உள்ளவர்களுக்கு

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்று வீதம் காயில் இருப்பதால் சோதனை எளிது: சந்தேகமுள்ள காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள், விக்கல் கூடவே போனால் காயில். ஓம் அளவை இங்கே நம்ப வேண்டாம். சிலவற்றில் செகண்டரிக்குள் டயோடு இருக்கும், நல்ல காயிலே அறுந்தது மாதிரி காட்டும். கழற்றும் முன் பிளக் கிணற்றைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்; இல்லையேல் பிளக்கை எடுத்ததும் மணலும் உப்பும் சிலிண்டருக்குள் விழும். காயில் வர மறுத்தால் நெம்பாமல், இடவலமாகத் திருப்பி ஒட்டுவிட்ட பிறகு நேர் மேலே இழுக்கவும். ரப்பர் பூட்டின் உள்சுவரில் பென்சிலால் கிறுக்கிய மாதிரிக் கரிக்கோடு இருந்தால் பூட், பிளக் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளக்கின் பீங்கானில் அதே கோட்டின் மறுபாதி இருக்கும், புதிய பூட்டையும் அது சுட்டுவிடும்.